மூன்றாவது கைதட்டல்

1

இந்தக் கதை என் தொண்டையில் பிறந்தது. ஆஸ்துமா மருந்தை நான் உறிஞ்சுவதைப் பார்த்த, சுவா நகரத்து டாக்டர் ஒருவர், நுரையீரலை விட்டுவிட்டுத் தொண்டைக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். வேகமாக இழுத்தால் மருந்து அங்கேயே அப்பிக்கொள்ளுமாம். மெதுவாக இழுத்து, மூச்சை அடக்கினால்தான் உள்ளே போய்ப் படியும். இதை வைத்து உருப்படியாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நாகையா என்றொரு கற்பனை மனிதர் வந்து கெடுத்தார்.

(ஃபிஜியில் தமிழ் படிப்பவர்களை ஒரே டாக்சியில் ஏற்றிவிடலாம். அதனால் இங்கே யாராவது படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள் என்ற பயமில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘இரண்டாயிரமாம் ஆண்டு, துப்பாக்கிகள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த அந்தக் காலையில்...’ வேண்டாம். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: தவுவா ஊரில் கரும்பு போடும் நாகையாவின் நுரையீரலில், எப்போதோ வந்த காசநோய் தழும்புகளை விட்டுப் போயிருந்தது. இது பரவாயில்லை.

உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். அவர் அதை யங்கோனா குடிப்பதுபோல ஒரே மடக்காக இழுத்தார். அந்த வேர்ச்சாற்றுக்கு இங்கே ஒரு முறை உண்டு: ஒரு தரம் கைதட்டி, கொட்டாங்குச்சியை ஒரே மூச்சில் காலிசெய்து, பிறகு மூன்று தரம் தட்ட வேண்டும். மருந்து தொண்டையைத் தாண்டவில்லை. இருமலும் ஓயவில்லை.

மனைவி அஞ்சலை எதிரே உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டினாள்.

“மெதுவா இழுங்க. நான் மூணு தட்டு தட்டி முடிக்கிற வரைக்கும் மூச்ச விடாதீங்க.”

அந்த மூன்றையும் வேண்டுமென்றே தள்ளித் தள்ளிப் போட்டாள். சில வாரங்களில் அவர் நிற்காமல் வயல் கோடிவரை நடந்தார்.*

* தழும்பு ஆறிவிட்டது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தழும்பு ஆறாது.

3

அந்த இரண்டாயிரமாம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, இந்தியர்களைக் குறிவைத்த ஒரு கும்பல் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குள் புகுந்து மாடுகளை ஓட்டிப்போனது. பிரிஸ்பேனிலிருந்து மகள் அஷ்னிதா இரண்டு பேரையும் கூப்பிட்டாள். அஞ்சலைக்கு விசா வந்தது. நாகையாவின் எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்ததால் அவருடையது விசாரணையில் நின்றது.

“நீ போ. நீ இங்க இருந்தா எனக்குத் தூக்கம் வராது.”

“தட்டறது யாரு?”

தானே தட்டிக்கொள்வதாகச் சொல்லிச் செய்தும் காட்டினார். மூன்று தட்டையும் படபடவென்று ஒன்றாகப் போட்டு ஏமாற்றினார்.

(அஞ்சலையை நான் முழுக்க நம்பவில்லை. பேரக்குழந்தையை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். போகவும் ஆசைதான். அதைச் சொல்ல வெட்கம்.)

4

முடிவு ஒன்று: அவள் பிரிஸ்பேனிலிருந்து தொலைபேசியில் தட்டுகிறாள். லைன் இழுப்பதில் ஒவ்வொரு தட்டும் முன்னதைவிடத் தாமதமாக வருவதால் அவர் இன்னும் அதிக நேரம் மூச்சடக்கி, நன்றாகவே இருக்கிறார். எனக்குப் பிடித்தது. ஆனால் அழைப்பு எத்தனை நாளைக்கு வரும்?

முடிவு இரண்டு: அவள் போகவில்லை. அப்படி எழுதினால் அவளுக்குக் கோயில் கட்ட வேண்டும். கிழித்துவிட்டேன்.

முடிவு மூன்று: வாசலில் டாக்சி. பெட்டி ஏறிவிட்டது. கடைசியாக ஒரு தரம் எதிரெதிரே உட்கார்கிறார்கள். அவள் தட்டுகிறாள். அவர் மெதுவாக, மிக ஒழுங்காக இழுத்து வாயை மூடிக்கொள்கிறார். ஒன்று. இரண்டு. டாக்சிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். அவள் உள்ளங்கைகள் விலகியே நிற்கின்றன. மூன்றாவதைத் தட்டிவிட்டால் அவள் எழுந்திருக்க

என்னால் எழுத முடியவில்லை. எனக்கு இவர்கள் இரண்டு பேரையும் பிடித்துப்போய்விட்டது. மூன்றாவதை நீங்கள் தட்டுங்கள். அதிகம் யோசிக்காதீர்கள், அந்த மனிதருக்கு மூச்சு அவ்வளவு நேரம் நிற்காது.