பத்து எண்ணும் வரை

அந்தப் பழுப்பு நிற மருந்துக் குழாயை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தபோது கொஞ்சம் ஓசை வரும்படியாகத்தான் வைத்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று நினைத்தேன். முள்ளிப்பட்டில் டவுன் பஸ் ஏறி ஆரணியில் இறங்குகிற வரைக்கும், கம்பியைப் பிடித்து நின்றபடியே, என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். என் மனைவி தெய்வநாயகி ஜன்னலோரம் இடம் கிடைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். அவளுக்கு இந்தச் சண்டையில் விருப்பமில்லை. விருப்பமில்லை என்று சொல்லவும் குரல் இல்லை.

"இன்னாங்கம்மா மருந்து இது? ஆறு வாரமா வேளை தப்பாம இழுத்துகினு கீறா. இழுப்பு ஒரு பொட்டு கொறையல. நாக்குல, அண்ணத்துல எல்லாம் வெள்ளை வெள்ளையா வந்துட்ச்சி. காரம் ஒத்துக்கல. கொரலும் கட்டிப் போச்சி. எங்களுக்கு இந்தப் பேஜாரே வேணாம்மா, நீயே வெச்சிக்க."

டாக்டர் பரிமளா கோபப்படவில்லை. அதில் எனக்குப் பாதி பலம் போய்விட்டது. சின்ன வயசுதான். எங்கள் பெரியவளைவிட ஏழெட்டு வயசு கூட இருக்கலாம். டார்ச் அடித்து தெய்வநாயகியின் வாயைப் பார்த்தாள். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். அது இல்லாமலே எனக்குக் கேட்கும் சத்தம்தான் அது.

பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன். சின்னவள் பிறந்த மறுவருஷம் வந்தது இந்த மூச்சிழுப்பு. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி, ஒன்றில் நான், ஒன்றில் அவள். பலகை அடிக்கிற சத்தத்துக்கு அடியில் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் வரும். அது மெல்லிசாக வந்தால் அன்று ஒரு முழம் நெய்வாள். இரட்டையாக வந்தால் பாதியில் எழுந்து போய்விடுவாள். கார்த்திகை பிறந்துவிட்டால் மாசி வரைக்கும் படுக்கையே கிடையாது. தறிக்கால் ஒன்றில் தலையணையைச் சாய்த்து வைத்து, அதில் முதுகைக் கொடுத்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள். ஆடாதொடை, தூதுவளை, கருங்கோழி, வந்தவாசிப் பக்கத்து வைத்தியர் ஒருவர் தந்த கருப்புச் சூரணம், எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மருந்துக்கடையில் ஒரு நீலக் குழாய் கிடைத்தது. முட்டும்போது அதை வாயில் அடித்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு திறக்கும். நாலு மணி நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

பரிமளா டாக்டர்தான் அந்த வருஷம், தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், இந்தப் பழுப்புக் குழாயை எழுதினாள். "நீலம் அப்போதைக்குக் கதவைத் திறந்து விடும், அவ்வளவுதான். உள்ளே குழாயெல்லாம் வீங்கிக் கிடக்கு. அந்த வீக்கம் வத்தணும்னா இதை தினமும் எடுக்கணும். காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. நல்லா இருந்தாலும் எடுக்கணும்" என்றாள். பிறகு காலிக் குழாய் ஒன்றை எடுத்து, எப்படி இழுப்பது என்று காட்ட ஆரம்பித்தாள். இங்கேதான் நான் புகுந்தேன். "தெரியும்மா, தெரியும்மா. வாய வெச்சி உறியறதுதானே? எங்களுக்குத் தெரியாததா?" என்றேன். வெளியே கூட்டம் வேறு. நான் எழுந்துவிட்டேன். தெய்வநாயகியும் எழுந்துவிட்டாள். நான் எழுந்தால் அவள் எழுவாள், அது அப்படியே பழகிவிட்டது.

தெரியும் என்று நான் சொன்னது வெறும் வீம்பில்லை. தறிக்காரன் எவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். தறியில் குறுக்கே ஓடி ஊடு இழை போடுகிற நாடாவில் நூல் தீர்ந்து, நூல் சுற்றிய புதுத் தார்க்குச்சி போடும்போதெல்லாம், இழையின் நுனியை நாடாவின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரலால் கோத்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். கண்ணில் உதட்டை வைத்து, கன்னத்தைக் குழித்து, சுருக்கென்று ஓர் உறிஞ்சு. நுனி உதட்டுக்கு வந்துவிடும். சூட்சுமம் எங்கே என்றால், உறிஞ்சுவது உதட்டோடு நிற்க வேண்டும். நெஞ்சு வரைக்கும் இழுத்தால் நூல் தூசி தொண்டையில் ஏறி அரைநாள் இருமல்தான். கல்யாணமாகி வந்த புதிதில் இதைத் தெய்வநாயகிக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை உறிஞ்சுகிறவர்களுக்கு ஒரு டாக்டர் வந்து உறிஞ்சக் கற்றுக் கொடுப்பதா?

வீட்டுக்கு வந்ததும் குழாயை அவள் கையில் கொடுத்து, "நாடா மாதிரிதான். அழுத்து, சுருக்குனு உறி. ஜல்தியா முடியணும்" என்றேன். அப்படியே செய்தாள். ஒரு வேளை தவறவில்லை. ஆறு வாரம்.

"இப்போ எனக்கு முன்னாடி ஒரு தடவை எடுங்கம்மா" என்றாள் டாக்டர்.

தெய்வநாயகி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். குழாயை வாயில் வைத்தாள், அழுத்தினாள், கன்னம் குழிந்தது, சுருக்கென்று ஒரு சத்தம். குழாயை எடுத்தாள். அவள் உதட்டின் இரண்டு ஓரத்திலிருந்தும் வெள்ளையாக ஒரு புகை வெளியே வந்து, மேசைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்று, மின்விசிறிக் காற்றில் கலைந்து போனது.

டாக்டர் சிரிக்கவில்லை. "மருந்து பூராவும் வாயிலேயே நின்னுடுச்சும்மா. நெஞ்சுக்கு ஒரு பொட்டுகூடப் போகலை. அதான் வாய் வெந்திருக்கு. கொப்பளிக்கிறதும் இல்லைன்னு நினைக்கிறேன். இந்த மாதிரி எடுக்க யாரு சொல்லிக் கொடுத்தது?"

 ஆறு வாரமாக அந்த மருந்து அவளுக்குள் போகவே இல்லை. போகக்கூடாது என்று உதட்டோடு நிறுத்தக் கற்றுக் கொடுத்தது நான். அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவள் உதடு நீலம் பாய்ந்து போனதை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என் முகத்துக்கு நேராகத்தான் அவள் கை நீண்டு காற்றைத் தேடியது.

"யாரும் சொல்லிக் குடுக்கலம்மா. நானாத்தான் எடுத்தேன்" என்றாள் தெய்வநாயகி. கட்டிய குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது.  வாய்ப்புண்ணுக்குத் தடவ ஒரு மருந்து எழுதினாள். பிறகு ஆரம்பத்திலிருந்து, எனக்கும் சேர்த்து, பாடம் நடந்தது. முதலில் உள்ளே இருக்கும் மூச்சையெல்லாம் வெளியே விட வேண்டும். உதட்டை மூடிக்கொண்டு, இழுக்கத் தொடங்கும்போது அழுத்த வேண்டும். வேகமே கூடாது. மெதுவாக, வயிறு வரைக்கும் இழுத்து, அப்படியே நிறுத்திப் பத்து எண்ண வேண்டும். பிறகு மூச்சை விட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

"பத்து யாரு எண்றது?" என்று கேட்டாள் டாக்டர்.

"நான் எண்றேம்மா" என்றேன்.

எண்ணுவதற்கு எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேலையில் இழை எண்ணிப் புட்டாப் பூ போடுகிறவன் வாழ்க்கை முழுக்க எண்ணிக்கைதான். மறுநாள் காலையில் கொல்லையில் கிணற்றடியில் நின்று ஆரம்பித்தோம். நாலு எண்ணுவதற்குள் இருமிவிட்டாள். ராத்திரி ஐந்து. இருபது வருஷத்துப் பழக்கம், உதட்டில் குழாய் பட்டாலே கன்னம் குழிந்துவிடும். "கன்னத்த வுடு, கன்னத்த வுடு" என்று கத்துவேன். அடுத்த வீட்டு சின்னக்கண்ணு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னாண்ணே, அண்ணிக்கு நாதஸ்வரம் கத்துக் குடுக்கிறியா?" என்றான். தெய்வநாயகிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பில் இழுப்பு வந்து, நீலக் குழாயைத் தேடி நான் ஓட வேண்டியதாயிற்று.

ஒரு வாரத்தில் ஏழுக்கு வந்தாள். பத்தாவது நாள் பத்து. ஆனாலும் விசில் இருந்தது. இழுத்தால் ஒன்றும் தெரிவதில்லை என்றாள். நீலக் குழாய் மாதிரி கை நடுக்கமில்லை, நெஞ்சு திறக்கிற மாதிரியும் இல்லை, வெறும் காற்று மாதிரிதான் இருக்கிறது என்றாள். எனக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை கிடையாது. எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். விடிந்தும் விடியாத நேரம், தெருவில் பஜனைக்காரர்கள் போன சத்தத்தில் விழித்தேன். கண்ணைத் திறந்ததும் நான் பார்ப்பது எப்போதும் ஒன்றைத்தான். தறிக்காலில் சாய்ந்து, தலை ஒரு பக்கம் தொங்க, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த உருவம். அன்றைக்குத் தறிக்கால் வெறுமனே நின்றது. தலையணை இல்லை, அவளும் இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டேன். விசில் இல்லை. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

 அவள் செத்துப் போய்விட்டாள் என்றே நினைத்தேன். கொல்லைக் கதவைப் பார்த்தேன், தாழ் போட்டிருந்தது. எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது அது அவள் கூந்தலில் பட்டது.

என் பக்கத்திலேயே பாயில் படுத்திருந்தாள். கால் இரண்டையும் நீட்டி, மல்லாக்காக, ஒரு கையை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு. வாய் மூடியிருந்தது. மார்கழியில் அவள் படுத்து நான் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு நீளமானவள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. மூக்கருகில் விரலை வைத்தேன். வெதுவெதுவென்று வந்தது, போனது. வந்தது, போனது. ஒரு சத்தமில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. இதுவரை இல்லாத ஒரு சாமியைப் பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்து அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு ஏறி இறங்க, அதன்மேல் கிடந்த கையும் ஏறி இறங்கியது. உள்ளே போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் புகைதான் அந்த மருந்து. இழுத்தால் ருசி இல்லை, வேலை செய்கிற சத்தம் இல்லை. நாங்கள் திட்டிக்கொண்டும் சந்தேகப்பட்டுக்கொண்டும் இருந்த ஒவ்வொரு நாளும் அது உள்ளே போய், யாரும் கை வைக்க முடியாத இடத்தில், அத்தனை சின்னக் குழாய்களையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே இருந்திருக்கிறது. எனக்கு யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, அழுதேன்.

வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் கண் விழித்தாள். "இன்னாங்க, எழுப்பக் கூடாதா? மணி இன்னா?" என்று பதறிக்கொண்டு எழுந்தாள். பிறகு தான் படுத்திருந்த பாயைத் திரும்பிப் பார்த்தாள். தறிக்காலைப் பார்த்தாள். நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தை பிறந்ததும் பிரச்சினை வேறு பக்கம் திரும்பியது. குழாயை ஆட்டிப் பார்த்து, "தீரப் போவுது. இதோட போதுங்க. அதான் நல்லாயிட்டனே, இன்னும் எதுக்கு?" என்றாள். சின்னக்கண்ணும், "ஆமாண்ணே, பழகிப் போயிடும், அப்புறம் வுட முடியாது" என்று சுவருக்கு மேலிருந்து சொன்னான். நியாயமாகத்தான் பட்டது. ஒன்றரை மாசத்துக்கு முன்னால் வேணாம் என்று குழாயைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் நானும்தான்.

அன்று என் தறியில் பாவு, நீளவாட்டில் ஓடுகிற இழை, முடிகிற நாள். பாவு முழுசும் தீர்ந்து, இழை கோத்த அச்சுச் சீப்பை விட்டு வெளியே வரும்வரை எந்த நெசவாளியும் நெய்ய மாட்டான். ஒரு சாண் பழைய பாவு மிச்சமிருக்கும்போதே நிறுத்தி, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்த மிச்சத்தோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும். விட்டுவிட்டால் ஆயிரக்கணக்கான இழையையும் ஒவ்வொன்றாகப் புதிதாகக் கோக்க வேண்டியதுதான். நானும் தெய்வநாயகியும் எதிரெதிரே உட்கார்ந்து பிணைத்துக்கொண்டிருந்தோம்.

"நாயகி, இந்தச் சாணு மிச்சம் எதுக்கு? நெய்ஞ்சி தீத்துட்டா இன்னா?" என்றேன்.

"பைத்தியமா உங்களுக்கு? அப்புறம் எதுல புணைக்கிறது?" என்றாள். சொன்னவள், விரலில் இழையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் ஆரணிக்குப் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தேன். கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். இந்தத் தடவை ஓசை வராமல்.

"கொறைக்கிறதா இருந்தா டாக்டரம்மா கொறைக்கட்டும். நீயும் நானும் வேணாம்" என்றேன். எப்படி வந்ததோ, அதையும் கேட்டுவிட்டேன். "அன்னிக்கி நானாத்தான் எடுத்தேன்னு ஏன் சொன்ன?"

"வேற இன்னா சொல்றது?" என்றாள். "உங்க மூஞ்சி போன போக்கப் பாத்தா எனக்கு மேல உங்களுக்கு மூச்சு முட்டிகினு இருந்துச்சி."

குழாயைப் பிரித்துக் குலுக்கினாள். உள்ளே இருந்த மூச்சை எல்லாம் வெளியே விட்டாள். உதட்டை மூடினாள். கன்னம் குழியவில்லை. மெதுவாக இழுத்தாள், தோள் உயர்ந்தது, மூச்சு வயிறு வரைக்கும் போய் நின்றது. ஒன்று, இரண்டு என்று நான் ஆரம்பித்தேன். எட்டு, ஒன்பது, பத்து. விடு என்று கையைக் காட்டினேன். அவள் விடவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. அவள் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, அதில் சிரிப்பு ஏறிக்கொண்டு வந்தது. "போதும், வுடு" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பாதி பிணைத்த பாவு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சத்தில் கிடந்தது. அவள் நெஞ்சு நிறைந்து அசையாமல் இருந்தது. பதினேழு, பதினெட்டு. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.