ஐம்பது நிமிட ஆறுதல்

பால்டிமோரில் அந்த மனநல நிலையத்துக்குத் திருநங்கைகள் மீது அபாரப் பாசம். கறுப்பினத் திருநங்கைகள் என்றால் கேட்கவே வேண்டாம். வாசலிலேயே வானவில் நிறத்தில் ‘உங்களுக்காகவே இருக்கிறோம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். இருந்தார்கள்தான். உள்ளே கூப்பிட ஏழு மாதம் ஆகும், அவ்வளவே.

மார்வெல்லா காத்திருந்தாள். தன்னைப் போலவே திருநங்கையான தோழி டெலோரிஸை அடக்கம் செய்த வாரத்திலேயே பெயர் கொடுத்திருந்தாள். முப்பது வருஷமாக எட்டிப் பார்க்காத டெலோரிஸின் அண்ணன்மார் அடக்கத்தன்று பாசத்தோடு வந்து, அவள் முடியை ஒட்ட வெட்டி, கோட்டும் டையும் மாட்டிப் பெட்டியில் கிடத்தினார்கள். பாதிரியார் “நம் சகோதரன்” என்று உருகினார். தோழிகளுக்குக் கடைசி பெஞ்சு கிடைத்தது. பெரிய மனசு.

மார்வெல்லா அன்று அழவில்லை. அவளை அம்மா என்று கூப்பிடும் ஆறு பெண்கள் அழுதார்கள், தேற்ற ஆள் வேண்டுமே. அன்றிலிருந்து நெஞ்சில் பாறாங்கல். தூக்கம் போயே போச்சு.

ஆலோசகர் பிரிட்ஜெட் சின்ன வெள்ளைக்காரப் பெண். முதல் பதினைந்து நிமிஷம் திருநங்கை வாழ்க்கை எப்படிப்பட்டது என்று மார்வெல்லாவிடம் பாடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு மார்வெல்லா அந்த டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். பிரிட்ஜெட்டுக்குக் கண் கலங்கி, மூக்கு சிவந்து, அழுகையே வந்துவிட்டது.

பழக்க தோஷம். மார்வெல்லா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“என்னம்மா கண்ணு, வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

வெளியே காரில் காத்திருந்த இளைய தோழி ரெனீக், மார்வெல்லா ஏறியதும் கேட்டாள்:

“எப்படிக்கா இருந்துச்சு?”

“பாவம்டி அந்தப் பொண்ணு. அவ அம்மாவோட பேசி ரெண்டு வருஷமாச்சாம்.”

“யாரு, டாக்டரம்மாவா?”

“இன்னைக்கே போன் பண்ணுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.”

“நல்லா இருக்கு. உனக்கு யாருக்கா வைத்தியம் பாத்தா?”

“அதுக்குள்ள அம்பது நிமிஷம் ஆயிடுச்சு. நான் ரொம்ப தைரியசாலியாம். இங்கேயே வாராவாரம் நம்ம பொண்ணுங்களுக்குக் கூட்டம் நடத்தித் தர்றியான்னு கேட்டா. சம்பளமில்லாம, சும்மாதான்.”

“சரின்னுட்டியா?”

மார்வெல்லா ஜன்னலைப் பார்த்தாள். சரியென்றுதான் சொல்லியிருந்தாள்.

ரெனீக் சாவியைத் திருப்பவில்லை. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“டெலோரிஸக்கா கதையச் சொல்லு.”

“நீதான் கூடவே இருந்தியேடி.”

“இருந்தேன். நீ சொல்லிக் கேக்கல. நான் அழுதா அழுதுட்டுப் போறேன், என் முதுகத் தடவாத.”

மார்வெல்லா சிரித்தாள். தொண்டையைச் செருமினாள்.

“அவளுக்கு டைன்னாலே ஆகாது. கழுத்துல ஏதாச்சும் இறுக்கினா மூச்சு முட்டும்பா. நான் எழுந்துபோய் அதக் கழட்டியிருக்கணும்டி. கடைசி பெஞ்சுல மரம் மாதிரி உக்காந்திருந்தேன்...”

ஏழு மாதத்து அழுகை வந்தது, அசிங்கமாக, சளியும் சத்தமுமாக.

வண்டி நிறுத்தும் நேரம் முடிந்துவிட்டதென்று ஒரு காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். ரெனீக் கண்ணாடியை இறக்கினாள்.

“அபராதம்தானே, எழுதிக்குங்கய்யா. அக்கா இன்னும் முடிக்கல.”