போர்வைக்குள் படுத்திருப்பவர்

தையற்காரியின் வீட்டு உள்ளறையில் ஆள் படுக்க இடம் கிடையாது. துணிதான் படுத்திருந்தது. பேன்ட் நீளம் குறைக்கிற, சட்டை அகலம் பிடிக்கிற கடையில் பல வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். வெட்டி விழுந்த எதையும் குப்பையில் போட மனசு வராது. காவலாளியின் காக்கி, வக்கீல் கோட்டின் உள்துணி, கிளி படம் போட்ட ஜன்னல் திரை, கணவருக்கு இடுப்பு என்று ஒன்று இருந்த காலத்துக் கோடு போட்ட பேன்ட், எல்லாம் அலமாரி நிறைந்து, கட்டில் நிறைந்து, கதவுக்குப் பின்னாலும் நின்றன. “என்னைக்காவது ஆகும்” என்பாள். அந்த என்றைக்காவது வந்தபாடில்லை.

அதற்குப் பதில் நாத்தனார் வருகிறார் என்று செய்தி வந்தது. கணவரின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இனி தம்பி வீட்டோடு இருக்கப் போகிறாராம். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கண்டவர்கள் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துவதால், பயம் வந்தால் பிரேக் மிதிப்பது போல வலது காலைத் தரையில் அழுத்துகிற பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அக்காவோடு பேசிவிட்டு போனை வைத்ததும் காலை ஓர் அழுத்து அழுத்தினார்.

“அக்காவுக்கு அந்த ரூமை ஒழிச்சுக் கொடுக்கணும். இந்தக் குப்பையெல்லாம் பழைய துணிக்காரன்கிட்ட போட்டுடறேன்” என்றார்.

“எதுங்க குப்பை? முதல்ல என்னைத் தூக்கிப் போடுங்க, அப்புறம் துணியைப் போடலாம்!”

“சரி, அக்கா வர்றதுக்குள்ள இதுலேருந்து உருப்படியா ஒண்ணு பண்ணிக் காட்டு. அலமாரிப் பக்கமே வரமாட்டேன். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை அவன் சாக்கோட வந்து நிப்பான்.”

ரோஷம் வந்துவிட்டது அவளுக்கு. போர்வை தைப்பது என்று முடிவு செய்தாள். பக்கவாட்டில் பிடித்துத் தைக்கும்போது வெட்டி விழுவது பெரும்பாலும் முக்கோணம்தான், அதனால் முக்கோணப் போர்வை.

நேர் தையலில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கோணல் தையல் தன் கைக்குத் தெரியவே தெரியாது என்று பீற்றிக்கொள்வாள். ஆனால் முக்கோணத்தில் ஒரு பக்கமாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, கிராஸாகத்தான் விழும். கிராஸாக வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கெல்லாம் வரும். முனையோடு முனை சேர வேண்டுமே என்று அவள் ஒவ்வொரு முக்கோணத்தையும் துளி இழுத்தாள். அந்தத் துளிகளெல்லாம் நடுவில் வந்து கூடிக்கொண்டன.

உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, கட்டிலை ஒழித்து விரித்தபோது நடுவே ஒரு மேடு. தேய்ப்புப்பெட்டியால் அழுத்தினாள். மேடு கால்மாட்டுக்குப் போயிற்று. தண்ணீர் தெளித்து அழுத்தினாள். தலைமாட்டுக்குப் போய், அந்த இடம் பிடிக்காதது போல நடுவுக்கே திரும்பியது. சூட்கேஸைத் தூக்கி மேலே வைத்தாள். எடுத்ததும், முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்த ஆளாக எழுந்து நின்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த லட்சணத்தைக் காட்டினால் அலமாரி காலி.

அந்த நேரம் பார்த்து கணவரோடு நாத்தனார் வந்து சேர்ந்தார். நேராக உள்ளறை வாசலுக்கு வந்தவர் கட்டிலைப் பார்த்தார். கையிலிருந்த பெட்டியை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

“யாரு? உடம்பு சரியில்லையா?” குரல் கிசுகிசுப்பாக வந்தது.

கணவர் பேந்தப் பேந்த விழித்துக் காலை அழுத்தினார். தையற்காரி, “அது வந்து, அண்ணி...” என்று ஆரம்பித்தாள்.

“உஷ்! தூங்கறவங்களை எழுப்பக் கூடாது. எதுவா இருந்தாலும் எழுந்தப்புறம் பேசிக்கலாம். நான் ஹால்லயே படுத்துக்கறேன்.”

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் உள்ளே ஆள் படுத்திருக்கும்வரை யாரும் அலமாரியில் கை வைக்கமாட்டார்களே என்று ஒரு நினைப்பு வந்தது. வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் வீடு ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. மிக்ஸி போடக் கூடாது. டிவியில் படம் மட்டும் ஓடலாம். கணவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். நாத்தனார் கட்டிலருகே ஸ்டூல் போட்டு, மூடி போட்ட ஜக்கில் தண்ணீர் வைத்தார். ஜக் அப்படியே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுவார் என்று கணவருக்குப் பயம். அதனால் யாரும் பார்க்காதபோது தானே குடித்தார்.

“தண்ணி குடிச்சிருக்காரு! இனி பயமில்ல” என்றார் நாத்தனார். உடனே சூப் வந்தது, ரொட்டி வந்தது, தோல் சீவிய ஆப்பிள் வந்தது. எல்லாவற்றையும் கணவர் குடும்ப நன்மைக்காகத் தின்று தீர்த்தார். இரண்டே நாளில் கன்னம் உப்பிவிட்டது.

“என்னங்க, நீங்களாவது சொல்லிடுங்களேன்” என்றாள் தையற்காரி சமையலறையில்.

“சொல்லலாம். இன்னைக்கு பாயசமோ என்னமோ பண்றேன்னாங்க, அதை முடிச்சுட்டு...”

சோற்றுக்காக மானத்தை விற்கிற மனுஷன். ஆனால் அவளுக்கும் பேச யோக்கியதை இல்லை. அவள் துணிக்காக விற்றுக்கொண்டிருந்தாளே.

ஞாயிற்றுக்கிழமை பழைய துணிக்காரர் சாக்கோடு வந்து நின்றார். அவர் வாய் வீதிக்கே கேட்கிற வாய். “சார் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகச் சொன்னாரு!”

“மெதுவா!” நாத்தனார் வாசலை மறித்தார். “உள்ள ஆள் இருக்காங்க.”

துணிக்காரர் எட்டிப் பார்த்தார். மேட்டைக் கண்டதும் தோளிலிருந்த சாக்கை இறக்கி, “அடடா, என்னாச்சு அவருக்கு?” என்று காதோடு காதாகக் கேட்டார்.

“தேறிட்டு வர்றாரு.” நாத்தனார் போய்ப் போர்வையின் ஓரத்தைச் செருகிவிட்டு, மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெறும் பஞ்சின் மேல் அவ்வளவு பதமாக ஒரு கை. தையற்காரிக்கு அதைத் தாங்க முடியவில்லை. அலமாரி போனால் போகிறது என்று உள்ளே போய், போர்வையை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

“யாருமே இல்ல, அண்ணி. நான்தான் கோணலா தைச்சுட்டேன். துணி போயிடுமேன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன்.”

நாத்தனார் காலிக் கட்டிலை வெகுநேரம் பார்த்தார். குனிந்து விரிப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“சூடு இல்ல” என்றார். “அப்பவே கிளம்பிட்டாரு. டிஸ்சார்ஜ்.”

பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, அவற்றை என்ன செய்வது என்று தெரியாதவர் போலப் பார்த்தார். “ரிட்டயர் ஆனதிலேருந்து இந்தக் கைக்கு ஒருத்தரும் கிடைக்கல, தெரியுமா? இவர் ஒருத்தர்தான்.” கண் கலங்கியதை அவர் மறைக்கவில்லை. பின்பு, “கட்டில் காலியா கிடக்கக் கூடாதும்மா. அடுத்து வர்றவங்களுக்குத் தைக்கத் துணி இருக்கா?” என்றார்.

“இருக்கு, அண்ணி. அலமாரி நிறைய இருக்கு.”

துணிக்காரர் காலிச் சாக்கோடு, நுனிக்காலில் நடந்து வெளியே போனார்.

இந்த முறை மேடு விழ விடக்கூடாது என்று தையற்காரி பொறுமையாக வெட்டினாள். கிராஸ் பக்கத்தைக் கையால் தொடாமல், குண்டூசி குத்தி, தையலுக்குத் தையல் தேய்த்துத் தைத்தாள். விரித்தபோது போர்வை தரையில் கொட்டிய தண்ணீராகப் படிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. பெருமை தாங்காமல் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் ஜக்கோடு வந்தார். தட்டையாகக் கிடந்த போர்வையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“யாரும் வரலையா?” என்றார். ஜக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தையற்காரி தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, அந்த அழகான தையலை நடுவிலிருந்து பிரித்தாள். கோணல் தையல் அறியாத கையால் ஒவ்வொரு முக்கோணத்தையும், அளந்து, துளித் துளியாக இழுத்துத் தைத்தாள். கை கூசியது. ஆனாலும் இழுத்தாள்.

சாயங்காலம் அறையைக் கடந்த நாத்தனார் அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் சின்னதாக ஒரு மேடு.

“குழந்தை!” என்றார் மெல்ல. கணவர் எங்கிருந்தோ எட்டிப் பார்த்து, “பால், பிஸ்கட் ஏதாவது...” என்று இழுத்தார்.

“உஷ்” என்றாள் தையற்காரி. “இப்பதான் தூங்குது.”