கரடிக்கு விழுந்த பதினாறு ஓட்டு

இரண்டாம் வகுப்பு டீச்சர் எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியின் மூடியில் நீளமாக ஒரு வாய் கீறி, சுற்றிலும் வெள்ளைத்தாள் ஒட்டி ஓட்டுப்பெட்டி ஆக்கியிருந்தாள். ஓட்டுச் சீட்டில் ஐந்து புத்தகங்களின் அட்டைப்படமும் சின்னச் சின்னதாக இருக்கும். பிடித்த படத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அடுத்தவர் எட்டிப்பார்க்காமல் இருக்க ஜன்னல் மூலையில் துணிகூடக் கட்டியிருந்தாள்.

நகர நூலகத்தின் வண்டி அந்த ஐந்து படப்புத்தகங்களை இரண்டு வாரத்துக்கு விட்டுவிட்டுப் போயிருந்தது. ஜெயிக்கிற புத்தகம் வருஷம் முழுக்க வகுப்பிலேயே இருக்கும். மற்ற நான்கும் வெள்ளிக்கிழமை வண்டியேறிப் போய்விடும்.

எது ஜெயிக்கும் என்பதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. பல் தேய்க்காத டைனோசரைப் பற்றிய புத்தகம் பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் அதற்காக அடித்துக்கொண்டார்கள். சலூன் வைத்த கரடியின் கதையோ சாயம் போய், முதுகு பிய்ந்து, சீந்துவாரில்லாமல் கிடந்தது. அதை எடுத்துப் படித்தவள் தும்பி ஒருத்திதான். கை கால் குச்சியாக, ஓரிடத்தில் நில்லாமல் இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதெல்லாம் போன வருஷக் கதை. இந்த வருஷம் அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதில்லை.

வியாழக்கிழமை ஓட்டுப் போட்டார்கள். இருபத்து நான்கு சீட்டு. டீச்சர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். கரடிக்குக் கோடு ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் கரடிக்குப் பதினாறு, டைனோசருக்கு ஐந்து, மிச்சம் மூன்று.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். "கரடிக் கதையை யாரெல்லாம் படிச்சீங்க?"

இரண்டு கைகள்தான் எழுந்தன. அதில் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது.

முன்வரிசையில் ஓட்டைவாயன் நெளிந்தான். முன்பற்கள் இரண்டும் விழுந்ததால் மட்டும் வந்த பெயரல்ல அது. அவன் வாயில் எந்த ரகசியமும் தங்காது. "மிஸ், தும்பிதான் கரடிக்குப் போடச் சொன்னா. எனக்கு வாசனை ரப்பர் குடுத்தா."

"எனக்கு ரெண்டு ஸ்டிக்கர்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எனக்கு ஊதா கலர் பென்சில். கூர்கூட சீவாதது."

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, டீச்சருக்கு முகம் இறுகியது. "தும்பி, எழுந்திரு. உண்மையா?"

தும்பி தலையாட்டினாள்.

"ஏன் அப்படிப் பண்ணின?"

தும்பி தன் ஷூவின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் வகுப்பின் பக்கம் திரும்பி, ஒரு பொருளைக் கொடுத்து ஓட்டு வாங்குவது எவ்வளவு பெரிய தப்பு என்று நிதானமாக எடுத்துச் சொன்னாள். கரும்பலகையை அழித்தாள். புதுச் சீட்டு கொடுத்தாள். இந்தமுறை டைனோசருக்குப் பத்தொன்பது. கரடிக்கு ஒன்றே ஒன்று.

மறுநாள் வண்டி வந்தது. நான்கு புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போனது. தும்பி அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை என்பதை டீச்சர் பார்த்தாள். ரோஷம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மாலை தும்பியின் அப்பா வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சட்டைக் கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. மகளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஒண்ணுமில்ல மிஸ். இவளோட பென்சில் பாக்ஸ் காலியா இருக்கு. யாராச்சும் புடுங்கிக்கிறாங்களோன்னு கேக்கலாம்னு வந்தேன். கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறா."

டீச்சர் நடந்ததைச் சொன்னாள். கண்டிக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"எந்தப் புத்தகம்னு சொன்னீங்க?"

"ஒரு கரடி சலூன் வச்சிருக்கும். ரொம்பப் பழசு."

"உள்ள ஒரு பக்கம் கிழிஞ்சு, டேப் ஒட்டியிருந்துச்சா? கரடிக்கு ஒரு கண்ணு மட்டும் பெருசா, பேனாவால வரைஞ்சு?"

டீச்சர் ஆமாம் என்றாள். அவர் சின்னஞ்சிறு நாற்காலி ஒன்றை இழுத்து, முழங்கால் மடங்க அதில் உட்கார்ந்தார்.

"அது இவ அம்மா வரைஞ்சது மிஸ். மூணு வயசுல இவதான் கிழிச்சுட்டா. கண்ணு இருந்த இடமே போச்சு. நூலகத்துல திட்டுவாங்களேன்னு அவளே வரைஞ்சு ஒட்டுனா. அப்புறம் இவளுக்குப் படிச்சுக் காட்ட அதையேதான் திருப்பித் திருப்பி எடுத்துட்டு வருவா." சட்டைக் கையிலிருந்த கிரீஸைச் சுரண்டினார். "இப்போ இவ வீட்டுல அம்மா பேச்சையே எடுக்க மாட்டா. எடுத்தா நான் உடைஞ்சுடுவேன்னு பயம்."

தும்பியின் அம்மா பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு இறந்துபோனது டீச்சருக்குத் தெரியும். பதிவேட்டிலேயே இருக்கிறது. பாவம் பார்த்துப் பார்த்தே பிள்ளையை இன்னும் நோகடித்துவிடக் கூடாது, மற்ற பிள்ளைகளைப் போலவே நடத்த வேண்டும் என்று அவளே முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் டீச்சர் நூலகத்துக்கு ஓடினாள். நூலகர் பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"கழிச்சாச்சு மிஸ். நைஞ்சு போனதையெல்லாம் நேத்து மொத்தமா எடைக்குப் போட்டோம்."

எடைக்கு எடுத்தவரின் நம்பரை வாங்கிப் பேசினாள். காலையிலேயே ஆலைக்கு லோடு போய்விட்டது என்றார் அவர். நூலகர் மனசு கேட்காமல், அதே கதையின் புதுப் பிரதியை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்பே டீச்சர் அதைத் தும்பியிடம் கொடுத்தாள். தும்பி வேறெதையும் பார்க்கவில்லை; நேராக அந்தப் பக்கத்துக்குப் போனாள். கரடி இரண்டு கண்ணும் ஒரே அளவாக, கத்திரிக்கோலோடு சிரித்துக்கொண்டிருந்தது.

"இது வேற கரடி மிஸ்," என்று மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"அது... அது கிடைக்கலம்மா. பேப்பர் ஆலைக்குப் போயிடுச்சு. நான் போறதுக்குள்ள போயிடுச்சு. நான் உன்கிட்ட பொறுமையா கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"பரவால்ல மிஸ்."

ஏழு வயசு வாயிலிருந்து பெரிய மனுஷி மாதிரி வந்த அந்தப் 'பரவால்ல'வை டீச்சரால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தாலும், அழுதிருந்தாலும் தேவலை என்றிருந்தது. அன்று வகுப்பு கூடியதும் எல்லார் முன்னாலும் நின்று, தும்பியை எழுப்பி நிறுத்தியது தன் அவசரம்தான் என்று சொன்னாள். தும்பி நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பிறகு பல வாரம் தும்பியிடமிருந்து, பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் மிஸ்" என்பதோடு சரி. டீச்சரும் வற்புறுத்தவில்லை. மதிய இடைவேளையில் எல்லாரும் வெளியே ஓடிவிட, இவள் மட்டும் மேசையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பாள். டீச்சர் தன் இடத்தில் நோட்டு திருத்திக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், தும்பி எழுந்து வந்து டீச்சரின் மேசை ஓரமாக நின்றாள்.

"மிஸ், எங்க அம்மாவை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இந்த வருஷம்தானே."

தும்பி இன்னும் கிட்டே வந்தாள். "அப்போ உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல?"

"தெரியாது."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா இடது கையால எழுதுவாங்க," என்று ஆரம்பித்தாள். "பாட்டு பாடினா வார்த்தை எல்லாம் தப்பு தப்பா வரும். சிரிச்சா மூக்கு சுருங்கும், இப்படி." செய்து காட்டினாள். கண்ணில் நீர் திரண்டு வழிந்தது. அவள் துடைக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.