மூன்று மாத நீதிபதி

என் வீட்டுக்காரர் வேலப்பன் செத்து ஏழு மாதம் கழித்துத்தான், அவர் எப்படிச் செத்தார் என்று கேட்கக் கோர்ட்டுக்கு நேரம் கிடைத்தது.

செத்த விதம் எஸ்டேட்டுக்கே தெரியும். எங்கள் கேமரன் மலைத் தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்கள். வாடியதைக் கீழே அரைக்கும் மெஷினுக்குத் தள்ளுவதற்குத் தரையில் ஓட்டைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பலகை மூடி. அன்று ஒரு மூடி திறந்து கிடந்தது. காலை ஒன்பது மணிக்கு அவர் அதில் விழுந்தார். 1978 ஜனவரி, பொங்கல் முடிந்த மூன்றாம் நாள்.

எஸ்டேட்டுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அன்று விடியற்காலை அவருக்குச் சம்சு, அந்த மலிவுச் சாராயம், ஊற்றிக் கொடுத்தது நான்தான். முந்தின நாள் காலை ஆறு மணிக்குப் போன மனுஷனை, கொழுந்து குவிந்துவிட்டது என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை நிறுத்தி வைத்தார்கள். வந்து படுத்தார். நாலரைக்கு, வருகைக் கணக்கு எழுதும் ஃபேக்டரி கிராணி ஆள் அனுப்பிவிட்டார். மழை வேறு. எழுந்து நின்ற மனுஷனுக்கு உடம்பு வெடவெடவென்று ஆடியது. அரை கிளாஸ் ஊற்றினேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஆளோடு போனார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னைப் பிடித்து உலுக்கினார்கள். "அழுதுரு பாஞ்சாலை, நெஞ்சடைச்சுப் போயிரும்லா" என்றார்கள். ஒரு மண்ணும் அடைக்கவில்லை. பதினாறு முடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். கை அதுபாட்டுக்குப் பறித்தது. சோறு தொண்டையில் இறங்கியது, ருசி தெரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் உள்ளே கிடந்தது. அவர் விழுந்தது தூக்கக் கலக்கத்திலா, நான் ஊற்றியதிலா? கம்பெனி கொடுக்கிற காசு, கொடுக்காத காசு எல்லாம் வேறு கதை, அது இங்கே வேண்டாம். எனக்கு இந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் தானா ராத்தா டவுன் கோர்ட்டிலிருந்து கடுதாசி வந்தது. யூனியன் தலைவர் அர்ஜுனன் அண்ணன் அதைப் படித்துச் சொன்னார்.

"இங்க உக்கார்ற மாஜிஸ்திரேட் மேல்படிப்புக்குப் போயிட்டாராம் தங்கச்சி. ஈப்போவுல தொழில் கோர்ட்டு இருக்குல்ல, முதலாளி தொழிலாளி வழக்க மட்டும் கேக்குற கோர்ட்டு, அங்கேருந்து ஒருத்தர மூணு மாசத்துக்கு இங்க அனுப்பியிருக்காங்க. அமிர்தலிங்கம்னு பேரு."

"அவருக்குச் சாவு கேஸெல்லாம் தெரியுமாண்ணே?"

"நீதிபதின்னா நீதிபதிதான்லா. நீ சம்சு கிம்சுன்னு ஏதும் பேசி வைக்காத. எவனாவது வேலப்பனுக்கு அந்தப் பழக்கம் உண்டான்னு கேட்டா, எப்பவாச்சும்னு சொல்லு. போதும்."

அண்ணனுக்கு நான் ஊற்றியது தெரியாது. பொதுவாகச் சொன்னார். தலையாட்டி வைத்தேன்.

கோர்ட்டில் மொழிபெயர்க்க சாம்பசிவம் என்று ஒருவர் இருந்தார். நீதிபதி தமிழர்தான், இருந்தாலும் முறை முறைதானாம். நான் தமிழில் சொல்ல, அவர் மலாய் மொழியில் சொல்ல, நீதிபதி எழுதுவார். அமிர்தலிங்கம் ஐயா, மலாய் வழக்கில் துவான், நரைத்த தலையோடு, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்.

"முந்தின நாள் அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்?"

போலீஸ் கேட்டது, துரை கேட்டார், டாக்டர் கேட்டார். வீட்டில் சண்டையா, குடிப்பானா, மனசு சரியில்லையா என்று என்னென்னவோ கேட்டார்கள். எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்து, இது தொழில் கோர்ட் இல்லையே துவான் என்றார்.

"தெரியும், உட்காருங்கள். பழக்கதோஷம்" என்றார் நீதிபதி.

போன மணி, வந்த மணி, மறுபடி கூப்பிட்ட மணி எல்லாம் கேட்டார். சாப்பிட எவ்வளவு நேரம் விட்டார்கள், மூடியைப் போடுவது யார் வேலை என்று நோண்டி நோண்டிக் கேட்டார். பதினெட்டு மணி நேரம் என்று அவரே கூட்டிச் சொன்னபோது வக்கீல் மோட்டுவளையைப் பார்த்தார். குடித்தாரா என்று அந்த மனுஷன் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று அர்ஜுனன் அண்ணன் இன்றைக்கு வரைக்கும் திட்டுகிறார். ஒருத்தர் ஒழுங்காகக் கேட்டால் ஒழுங்காகச் சொல்லத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

"விடியக்காலையில நான் அரை கிளாஸ் சம்சு குடுத்தேன் துவான். குளுருல ஆடுனாரு."

சாம்பசிவம் மொழிபெயர்த்து முடிக்கும் வரை நீதிபதி என்னையே பார்த்தார்.

"நீங்கள் கொடுக்காவிட்டால் அவர் வேலைக்குப் போகாமல் இருந்திருப்பாரா?"

"போயிருப்பாரு. ஆளு வாசல்ல நின்னான். போயிருப்பாரு துவான்."

அதை எழுதிக்கொண்டார். ஃபேக்டரியின் வருகைப் புத்தகத்தோடு கிராணி அடுத்த தவணைக்கு வரவேண்டும் என்று உத்தரவு போட்டு, அக்டோபருக்குத் தள்ளிவைத்தார். அன்று திரும்பும்போது பிரிஞ்சாங்கில் இறங்கி மீன் வாங்கினேன். புளி கரைக்கும்போது வாயில் எச்சில் ஊறியது. ஏழு மாதத்தில் முதல் தடவையாகப் பசித்தது.

அக்டோபரில் போனால் நாற்காலி காலி. துவானை ஈப்போவுக்கே திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்களாம், மூன்று மாதம் முடிந்ததாம். எங்கள் எஸ்டேட்டிலும் மேல் டிவிஷனில் ஆள் குறைந்தால் கீழ் டிவிஷனிலிருந்து எங்களை அனுப்புவார்கள். போன இடத்தில் பிடித்த செடி நிரையைப் பறித்து முடிக்காமல் எந்தக் கங்காணியாவது திரும்பக் கூப்பிடுவானா? கொழுந்துக்கு இருக்கிற மரியாதை என் புருஷன் சாவுக்கு இல்லை.

"புதுசா வர்றவரு முதல்லேருந்து கேப்பாராம். நீ மறுபடி சொல்லணும் தங்கச்சி" என்றார் அர்ஜுனன் அண்ணன்.

"சொன்னதெல்லாம்?"

"சொன்னது ஃபைல்ல கெடக்கும். இந்தத் தடவையாச்சும் அந்தச் சம்சுப் பேச்ச எடுக்காத. உன் கால்ல விழுறேன்."

புது மாஜிஸ்திரேட் 79 பிப்ரவரியில் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது, மரியாதையான ஆள்தான். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். போலீஸ் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு முதல் கேள்வி கேட்டார்.

"அன்றைக்கு அவர் மது அருந்தியிருந்தாரா?"

அவ்வளவுதான். மணி இல்லை, மழை இல்லை, வாசலில் நின்ற ஆள் இல்லை. இதற்கு ஆமாம் என்றால் அந்த ஆமாம் மட்டும் தனியாக நிற்கும். அதுகூடத் தெரியாதவளா நான்?

"இல்ல துவான்" என்றேன்.

கம்பெனி வக்கீல் இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி எழுந்தார். ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டும்படி சாம்பசிவத்திடம் சொன்னார்கள். என் வாயிலிருந்து கேட்டு மலாயில் சொன்ன அதே மனுஷன், என் பேச்சை எனக்கே திருப்பிப் படித்தார். விடியற்காலையில் நான் அரை கிளாஸ் சம்சு கொடுத்தேன். படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"கீழேயும் படிங்க சாமி. நாலு வரி கீழ படிங்க, அதுவும் நான் சொன்னதுதான்" என்றேன்.

சாம்பசிவம் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று பதில் வந்தது. கிராணி வந்திருந்தார், வெறுங்கையோடு. புத்தகத்தைக் கொண்டுவா என்று புது மாஜிஸ்திரேட் கேட்கவில்லை, முன்னே கேட்டவர் ஈப்போவில் இருக்கிறார். முந்தின நாள் வேலப்பன் சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டான் என்று கிராணி கூசாமல் சொன்னார். அடப்பாவி! நான் எழுந்து பொய் என்று கத்தினேன். கத்தி என்ன செய்ய? அந்த இடத்தில் பொய் சொன்னவள் என்று பேர் வாங்கியிருந்தது நான்தான்.

பத்து நாளில் முடிவு வாசித்தார்கள். மது போதையில், தன் கவனக்குறைவால் நேர்ந்த மரணம். வேறு யார் மேலும் குற்றம் இல்லை. சாம்பசிவம் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தார். எனக்கு வலிக்கக்கூட இல்லை. ஊற்றியவள் நான், அப்படியானால் நான்தான் என்று கணக்காக விளங்கியது. மறுநாள் மலைக்குப் போனேன். கங்காணி என் கூடையைப் பார்த்து, முற்றல் இலையாகப் பறித்திருக்கிறேன் என்று திட்டினான்.

ஏப்ரலில் ஒரு நாள் லீவு கேட்டு, தாப்பா பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனேன். அர்ஜுனன் அண்ணனிடம் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அந்தத் தொழில் கோர்ட்டைக் கண்டுபிடித்து, பின் பெஞ்சியில் உட்கார்ந்தேன். ஏதோ ரப்பர் ஃபேக்டரி வழக்கு. எத்தனை மணிக்கு வந்தாய், எத்தனை மணிக்குப் போனாய் என்று அதே குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மத்தியானம் அவர் வெளியே வந்தபோது குறுக்கே போய் நின்றேன்.

"துவான், கேமரன் மலை. வேலப்பன் கேஸு."

முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. பிறகு, "பதினெட்டு மணி நேரம்" என்றார். "தீர்ப்பு வந்திட்டுதா அம்மா?"

சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது இப்ப என் கையில இல்லையம்மா. மேல போகலாம், ஒரு வக்கீலைப் பாருங்கோ."

"மேல போக வரல துவான். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க இருந்திருந்தா என்ன எழுதியிருப்பீங்க?"

நடையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"நான் ஒண்டும் முடிவு செய்யேல்லையம்மா. அந்தப் புத்தகமே வரேல்லை. அதைப் பாக்காமல் என்னெண்டு சொல்லுறது?"

"இல்ல துவான், எழுதினீங்க! நான் குடுக்காட்டியும் அவரு வேலைக்குப் போயிருப்பாருன்னு எழுதினீங்க. நான் பாத்தேன்."

"எழுதினேன்தான்" என்றார் மெதுவாக. "நீங்கள் சொன்னதை எழுதினேன். அது உங்கட வாக்குமூலம் அம்மா, என்ர தீர்ப்பில்லை."

இத்தனை மாதமாக, பதிலை அந்த மனுஷன் பையில் வைத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, உன்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டதாகவே நம்பி மீன் வாங்கிச் சமைத்தேன். அவர் சொல்லவே இல்லை. சொன்னது நான். போலீஸ், வக்கீல், இரண்டு நீதிபதி எல்லோரும் இருந்த இடத்தில், போயிருப்பார் என்று சொன்ன ஒரே வாய் என் வாய்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கிருந்து வந்ததோ, பதினைந்து மாத அழுகை அப்போதுதான் வந்தது. வாய்விட்டு, மானம் மரியாதை பார்க்காமல் அழுதேன். ரப்பர் ஃபேக்டரி வழக்குக்கு வந்திருந்த பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள். யாருக்கா, என்னக்கா ஆச்சு என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் செத்துட்டாரு என்றேன்.