பிடுங்கிப் போட்ட விதை

அந்த வீட்டில் விதை என்றால் மிச்சம் என்று அர்த்தம். தோண்டிய உருளைக்கிழங்கில் பெரியது லாரி ஏறும். நடுத்தரம் அடுப்படிக்குப் போகும். யாருக்கும் வேண்டாத கோலிக்குண்டுதான் மறுபோகத்துக்கு விதை. வீட்டுப் பெண்கள் கடைசியில் உட்கார்ந்து தின்னும் அதே நியாயம்தான் மண்ணுக்கும். நோஞ்சான் செடியின் நோஞ்சான் கிழங்கையே திரும்பத் திரும்பப் புதைத்துவிட்டு, மண்ணில் சத்து போச்சு என்று மண்ணைத் திட்டினார்கள்.

போன போகத்தில் பாதிச் செடி வாடிச் செத்தது. மாமனார் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். இனியும் நிலம் இப்படியே காலை வாரினால், மொத்த மலைச்சரிவு வயலும் பூப்பண்ணைக்காரனுக்குக் குத்தகை. சின்ன மருமகளுக்கு அதன் அர்த்தம் தெரியும். நிலம் கைமாறிய பிறகு தன் வரப்பிலேயே கூலியாக நின்று மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கிய அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

விவசாய ஆபீசில் நடந்த பயிற்சிக்கு, வீட்டு ஆண்கள் போகாததால் அவள் போனாள். அங்கே சொன்னது எளிது. பூக்கிற சமயத்தில் நல்ல செடியைப் பார்த்து அடையாளம் வை. அதன் கிழங்கை மட்டும் விதைக்கு எடு. பூ வந்ததும் அவள் பாத்தி பாத்தியாக நடந்தாள். தண்டு தடித்திருக்கிறதா, இலை சுருளாமல் விரிந்திருக்கிறதா, பக்கத்துச் செடியும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் குச்சி நட்டு, பழைய பாவாடையைக் கிழித்துச் சிவப்புத் துணி கட்டினாள். அன்று சாப்பிடும்போது புருஷனிடம் விவரமாகச் சொன்னாள். அவன் போனைப் பார்த்தபடி "ம்" கொட்டினான்.

மறுநாள் அவள் உரக்கடையிலிருந்து திரும்பியபோது அவன் வயலில் முழங்கால் சேறோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா, உனக்கு வேலையே வைக்கல. குச்சி நட்ட செடி அத்தனையும் புடுங்கிப் போட்டுட்டேன்."

அந்தச் சரிவில் அடையாளம் வைப்பது நோய்ச் செடிக்குத்தான், பிடுங்கி எறிவதற்கு. நல்ல செடிக்கு யாரும் குச்சி நட்டதில்லை.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல. ஆனா உன் கண்ணே கண்ணு! எனக்கு ஒரு செடியிலயும் நோய் தெரியல, நீ கண்டுபிடிச்சிருக்க."

"நோய் இல்லைன்னுதாங்க குச்சியே நட்டேன்!" அவள் போட்ட கத்தலில் உரப்பை தோளிலிருந்து நழுவியது. "ஊருக்கே காது இருக்கு, உங்களுக்கு மட்டும் ஏங்க அது கண்ணாடி மாட்ட?"

ஓர்ப்படி ஓடிவந்தாள். "அழுவாதடி..."

"யாருக்கா அழுவுறா? கூடையைக் கொண்டாங்க."

அவள் மண்டியிட்டு, பிடுங்கிய குழிகளை விரலால் துழாவிக்கொண்டிருந்தாள். நெல்லிக்காய் அளவில் சில, எலுமிச்சை அளவில் சில. கட்டைவிரல் பட்டாலே தோல் உரியும் பிஞ்சுகள். குழி குழியாக நகர்ந்தாள். ஒரு பிஞ்சைக்கூட மண்ணுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

மாமனார் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நானும் இதே பொடியைத்தானே விதைக்கு வச்சேன்? படிச்சுட்டு வந்து நீயும் அங்கதான் நிக்கிறியாம்மா?"

"அது வளர முடியாம நின்ன பொடி, மாமா. இது நல்லா வளந்தப்ப புடுங்கின பொடி. ரெண்டும் ஒண்ணா?"

மாமனார் கூடையிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்து உருட்டிப் பார்த்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. சரிவின் உச்சியில் இருந்த மேலடுக்கு வயலை மட்டும் அவளுக்கு விட்டுக்கொடுத்தார், தொலையட்டும் என்பதுபோல.

பிஞ்சுகளின் தோல் நிழலில் இறுகியது. படுக்கையறை ஜன்னலோரம், வெயில் நேரே படாத வெளிச்சத்தில், மூங்கில் தட்டிகளில் பரப்பினாள். இடம் போதவில்லை.

"நான் எங்கடி படுக்க?" என்றான் புருஷன்.

"புடுங்கினவருக்கு அடுப்படியே அதிகம்."

கிழங்கு பச்சை நிறமாகியது. "என்னடி, விஷமால்ல ஆயிடுச்சு?" என்றாள் ஓர்ப்படி.

"ஆவட்டும்க்கா. இந்த வீட்டுல விதை தப்பிக்கணும்னா விஷமாத்தான் இருக்கணும்."

குட்டையாக, தடியாக முளைவிட்டவற்றை மேலடுக்கில் நட்டாள். அதற்குமுன் அங்கே பீன்ஸ்தான் இருந்தது. கீழ் வயல்களின் தண்ணீரும் மேலே ஏறாது. வாடல் நோய் தண்ணீரோடும் மண்ணோடும் நடப்பது என்பதால், புருஷன் மண்வெட்டியைக் கழுவாமல் வந்தால் வரப்போடு திருப்பி அனுப்பினாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே கழுவப் பழகினான்.

கீழே மாமனார் நட்ட பழைய பொடி, பூக்கும் முன்பே தலை தொங்கியது. மேலே கரும்பச்சையில் பாத்தி மூடி நின்றது. அதைப் பார்க்காமல் யாரும் அந்தப் பாதையில் நடக்க முடியவில்லை.

வாடிய வயலின் வாசனை பிடித்தது போலப் பூப்பண்ணைக்காரன் வந்து சேர்ந்தான். மாமனார் அவனை உட்காரச் சொல்லாமல் மேலடுக்குக்கு ஏறினார். ஒரு செடியைச் சுற்றிக் கையால் மண்ணை விலக்கினார். உள்ளே கை கொள்ளாத கிழங்குகள். குந்தியபடியே மருமகளைக் கூப்பிட்டார்.

"மொத்த நிலத்துக்கும் இது விதைக்குக் காணுமாம்மா?"

"காணாது மாமா. இன்னும் ரெண்டு போகம் பெருக்கணும். அதுவரைக்கும் கீழ பீன்ஸ், சோளம்னுதான் மாத்திப் போடணும். மேல ஒரு கிழங்கை லாரிக்கும் தரமாட்டேன், சட்டிக்கும் தரமாட்டேன்."

"அப்ப நாங்க திங்கிறது?"

"கடையில வாங்கித் தின்னுங்க."

பூப்பண்ணைக்காரன் கீழிருந்து குரல் கொடுத்தான். "பெரியவரே, என்ன முடிவு?"

மாமனார் விலக்கிய மண்ணைத் திரும்பக் கிழங்கின்மேல் தள்ளி, உள்ளங்கையால் அழுத்தி மூடினார்.

"விதைக்காரி இங்க நிக்கிறா. ஏறி வந்து அவகிட்டக் கேளு," என்றார். "வரும்போது காலைக் கழுவிட்டு வா."