விதைநெல் விருந்து

வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருடமாகியும் எங்கள் கந்தோரில் அவன் விட்டுப்போன படிவம்தான். வெள்ள நிவாரணப் படிவத்தின் ஏழாவது கேள்வி: சனங்களுக்குப் பற்றாக்குறை உண்டா, இல்லையா? உண்டு என்று எழுதினால் விதைநெல் வரும். இல்லை என்றால் வராது. அந்த ஒரு சொல்லை எழுதத்தான் என் மேலதிகாரி இரத்தினசிங்கம் ஐயா, மார்கழி வெள்ளம் வடிந்த கையோடு திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மூதூரிலிருந்து மகாவலி ஆற்றில் மூன்று நாள் வள்ளப் பயணம். பெட்டி தூக்கவும் படிவம் பிடிக்கவும் கிளாக்கர் குலசிங்கமாகிய நான். கோல் ஊன்றி வள்ளம் தள்ள மூதூர் தாஹிர்.

ஐயா பயணத்துக்கு இரண்டு குடை கொண்டுவந்தார். ஒரு துண்டுப் பாண்கூடக் கொண்டுவரவில்லை. "கிராமத்து ஆக்கள் நல்ல ஆக்கள், பாத்துக்கொள்ளுவினம்" என்றார். அதில் மட்டும் அவர் பிழைவிடவில்லை.

முதல் நாள் மத்தியானம் வள்ளம் ஒரு மரக்குற்றியில் மோதிக் கவிழ்ந்தது. முன்பின் தெரியாத நாலு பேர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி எங்களைக் கரையேற்றினார்கள். அவர்களில் ஸெய்னுதீன் என்பவர் ஐயாவைத் தோளில் சுமந்து தன் வீட்டுக்கே கொண்டுபோனார். உடுக்க உலர்ந்த சாரம், சுடச்சுடத் தேத்தண்ணி, பிறகு சோறு, கோழிக்கறி, தயிர். வெள்ளத்தில் அந்த வீட்டின் ஒரு சுவர் போயிருந்தது. அந்தப் பக்கத்தால் நல்ல காற்று வருகிறது என்று ஐயா பாராட்டினார். நானும் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஐயா ஏப்பம் விட்டார். தகரப் பெட்டியில் நனையாமல் தப்பிய படிவத்தில், ஏழாவது கேள்விக்கு நேரே பென்சிலால் 'இல்லை' என்று எழுதினார். "இதுகள் எங்களைவிட நல்லாய்ச் சாப்பிடுதுகள், குலசிங்கம்."

நான் கை கழுவப் பின்பக்கம் போனேன். உரலடியில் புது உமி. மூன்று பிள்ளைகள் குளத்தில் பிடுங்கி அவித்த கொட்டிக்கிழங்கை உப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தன.

"வெள்ளத்துக்குத் தப்பினது விதைநெல் மட்டும்தான், தம்பி" என்றார் பின்னால் வந்து நின்ற தாஹிர் மெதுவாக. "அதைத்தான் உங்களுக்கெண்டு குத்திப்போட்டாங்க."

ஸெய்னுதீனைத் தனியே கூப்பிட்டேன். "ஸெய்னுதீன் காக்கா, ஐயாவிட்டை உள்ளதைச் சொல்லுங்கோ. சொன்னால்தான் விதைநெல் தருவினம்."

அவர் என்னை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சோத்தைப் போட்டுட்டு, அந்த மனிசனுக்கு முன்னால இல்லாமையைக் கதைக்கிறதோ? திண்டது செமிக்குமோ அவருக்கு? ஏலாது தம்பி."

நானே ஐயாவிடம் சொன்னேன். "நான் கண்ணால கண்டதை எழுதிறன். நீர் குசினியில வேவு பாக்காதையும்" என்றார்.

இரண்டாம் நாள் இன்னொரு ஊர், இன்னொரு விருந்து. 'இல்லை'யின் மேல் பேனையால் எழுதி உறுதியாக்கப் பார்த்தார் ஐயா. பேனை ஆற்றுத் தண்ணீர் குடித்திருந்ததால் எழுத மறுத்தது. அந்தப் பேனைக்கு இருந்த அறிவு எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் கடைசி ஊர். வள்ளத்தைக் கட்டுமுன் நான் கரையில் குதித்து, அங்கே நின்ற கனகம்மா என்ற பெண்ணைப் பிடித்தேன்.

"அக்கா, ஐயா கோணேசருக்கு நேர்த்தி வைச்சு உபவாசம். பச்சைத் தண்ணி மட்டும்தான். அடுப்புப் புகை கண்ணில பட்டாலும் பலன் போயிடும். உபவாசத்தைப் பற்றி அவரிட்டை வாய் திறக்கவும் கூடாது."

ஐயாவின் நெற்றி நிறையத் திருநீறு இருந்தது எனக்கு உதவியது. கனகம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அரை மணிக்குள் ஊரில் எல்லா அடுப்பும் அவிந்தது. ஐயாவைக் கதிரையில் இருத்தி, ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டு, எல்லோரும் கைகட்டி நின்றார்கள். மத்தியானம் இன்னொரு செம்பு. எனக்கும் அதே தண்ணீர்தான். பின்னேரம் மூன்று மணிக்கு ஐயாவின் குரல் தழுதழுத்தது.

"ஒரு வீட்டிலும் புகையில்லையே, குலசிங்கம்! இதுகள் எப்பிடிச் சீவிக்குதுகள்? படிவத்தைத் தாரும்."

'இல்லை'யை அழித்துவிட்டு 'கடும் பற்றாக்குறை, ஆற்றங்கரை முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். படிவம் கேட்டது ஒரு சொல். பசி நாலு சொல் எழுதியது.

விதைநெல் சித்திரையில் வந்தது. எங்கள் கந்தோருக்கு அது வேகம். விதைப்பு முடிந்தபின் ஸெய்னுதீனைப் பார்க்கப் போனேன். பயிர் விரலளவு வளர்ந்திருந்தது. என் கெட்டித்தனத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கட நெல்லுக்காக அந்த மனிசனை நாள் முழுக்கப் பட்டினி போட்டனீங்களோ?" என்று கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மனைவியைக் கூப்பிட்டார். நான் திரும்பும்போது என் மடியில் வாழையிலையால் மூடிக் கட்டிய ஒரு சட்டி இருந்தது. கோழிப் பொரியல், ஐயாவுக்கு.

ஐயா கந்தோர் மேசையிலேயே சட்டியைத் திறந்தார். எலும்பையும் விடவில்லை. விரலைச் சூப்பியபடி நிவாரணப் படிவம் இருந்த ஆற்றங்கரைக் கோவையைக் கொண்டுவரச் சொன்னார்.

"இவ்வளவு வசதியாய் இருக்கிற சனத்துக்குப் பற்றாக்குறையெண்டு எழுதின மடையன் ஆர்?"

கோவையை அவர் முன்னால் விரித்துக் கையெழுத்தைக் காட்டினேன்.